பருமன் அறிவாகுமா?

பெரும் வரைபுகளைக் கணிக்கும் சட்டகங்கள் குறித்து ஒரு விவாதம்

இயந்திரக் கற்றல் பற்றிய உரையாடல்களில் ஒரு கருத்து மறுப்பின்றி ஏற்கப்பட்டு வருகின்றது. கோடிக்கணக்கான மனிதரையும் அவர்களிடையேயுள்ள தொடர்புகளையும் ஒரே வலையமைப்பாகக் கொண்டு ஆராய வேண்டுமாயின், பல கணனிகளை ஒன்றிணைத்த பெருங்கூடம் தேவை; அத்தகைய கூடம் பெருநிறுவனங்களிடமே உண்டு; ஆகவே இத்துறையின் ஆராய்ச்சி அவற்றுக்கே உரியது; சிறிய பல்கலைக்கழகமொன்று அவை ஆக்கித் தருவனவற்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாற் போதும் என்பதே அக்கருத்தாகும். பணிவுபோலத் தோன்றும் இக்கருத்து, உண்மையில் ஆராய்ச்சியைக் கைவிடுவதற்குக் கூறப்படும் ஒரு சமாதானமேயாகும். இத்துறையின் வரலாற்றையும், இத்துறையினரே அளந்து வெளியிட்ட பெறுபேறுகளையும் நோக்குமிடத்து, இச்சமாதானத்துக்கு உள்ள ஆதாரம் மிகச் சொற்பமே என்பது புலனாகும்.

இங்கு வரைபு எனப்படுவது இரு அச்சுக்களுக்கிடையே வரையப்படும் வளைகோடன்று. சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்த அமைப்பே அது. புள்ளியைக் கணு என்றும் கோட்டை இணைப்பு என்றும் கூறலாம். மனிதர் கணுக்களாயின் நட்பு இணைப்பாகும். ஆய்வுக்கட்டுரைகள் கணுக்களாயின் மேற்கோள் இணைப்பாகும். 1736இல் ஒயிலர், கோனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்கள் பற்றிய புதிரை இவ்வாறே புள்ளிகளாகவும் கோடுகளாகவும் சுருக்கி, ஒவ்வொரு பாலத்தையும் ஒரேயொரு தடவை மட்டும் கடந்து செல்லும் நடையொன்று இயலாதென நிறுவினார். அந்நிறுவலுக்குத் தாளும் சிந்தனையும் போதுமாயிருந்தன.

அந்நகரின் ஊடே பாய்ந்த பிரெகல் ஆற்றின் பெயரையே கூகிள் நிறுவனம் 2010இல் தான் அறிமுகஞ்செய்த வரைபுக் கணிப்புச் சட்டகத்துக்குச் சூட்டியது. சட்டகம் என்பது பல கணனிகளுக்கிடையே வேலையைப் பங்கிட்டு, அவற்றுக்கிடையே செய்திகளைக் கொண்டுசென்று, ஒரு கணனி பழுதுற்றாலும் வேலை கெடாது காக்கும் மென்பொருள் அடித்தளமாகும். பிரெகலின் இயக்கம் எளிமையானது. ஒவ்வொரு கணுவும் அயற்கணுக்களிடமிருந்து வந்த செய்திகளைப் படித்து, தன் பெறுமானத்தைத் திருத்தி, மீண்டும் அயலுக்குச் செய்தி அனுப்பும். எல்லாக் கணுக்களும் ஒரு சுற்றை முடித்த பின்னரே அடுத்த சுற்றுத் தொடங்கும். 1990இல் லெஸ்லி வலியன்ற் முன்வைத்த கணிப்பு மாதிரியே இதற்கு அடிப்படையாகும். இதனைப் பின்பற்றி ஜிராஃப் என்னும் திறந்த மென்பொருள் எழுந்தது. கானகி மெலன் பல்கலைக்கழகத்தில் கிராஃப்லாப் உருவாயிற்று. பேர்க்லியில் ஸ்பார்க் என்னும் சட்டகத்தின் மீது கிராஃப்எக்ஸ் 2014இல் எழுப்பப்பட்டது. இச்சட்டகங்கள் தம் வேகத்தையும், கணனிகளைக் கூட்டக் கூட்ட அவ்வேகம் கூடுவதையும் முன்னிறுத்தி உரிமை கோரின. இவ்வுரிமைகோரலை எவருடன் ஒப்பிட்டுச் செய்தன என்பதே கேட்கப்பட வேண்டிய வினாவாகும். பெரும்பாலும் அவை தம்முள் தாமே ஒப்பிட்டுக்கொண்டன.

2015இல் இவ்வொப்பீட்டின் குறையை மூவர் வெளிப்படுத்தினர். மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் சிலிக்கன் வலி ஆய்வுகூடத்தில் முன்னர் பணியாற்றிய பிராங் மக்ஷெரி, மைக்கல் ஐசாட், டெரெக் மறே ஆகியோரே அவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி சிறுபிள்ளையும் கேட்கக்கூடியது: இதே வேலையை ஒரேயொரு கணனி, அதிலும் அதன் செயலியின் ஒரேயொரு கரு மட்டும் செய்தால் எவ்வளவு நேரமாகும்? செயலியினுள் தனித்து இயங்கவல்ல பகுதியே இங்கு கரு எனப்படுகின்றது.

ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டது ருவிற்றர் வலையமைப்பு. அதில் 4 கோடியே 16 இலட்சம் கணுக்களும் ஏறத்தாழ 147 கோடி இணைப்புகளும் உள. வேலை, பேஜ்ராங் எனப்படும் தரநிர்ணயத்தின் 20 சுற்றுக்கள். ஒவ்வொரு கணுவும் தன் மதிப்பைத் தான் சுட்டும் கணுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும், தனக்கு வந்த பங்குகளைக் கூட்டிக்கொள்வதுமே ஒரு சுற்று. 128 கருக்களைக் கொண்டு ஸ்பார்க் இதற்கு எடுத்த நேரம் 857 செக்கன். ஜிராஃப் 596 செக்கன். கிராஃப்எக்ஸ் 419 செக்கன். கிராஃப்லாப் 249 செக்கன். ஒரு மடிக்கணனியில் ஒரேயொரு கரு எடுத்த நேரமோ 300 செக்கன். 128 கருக்களைத் திரட்டிய நான்கு சட்டகங்களுள் மூன்று, தனியொரு கருவிடம் தோற்றன. நான்காவது வென்றது 51 செக்கன்களால் மட்டுமே. தரவுகளை நினைவகத்தில் வைத்து, இணைப்புகளைத் தக்க வரிசையில் ஒருமுறை ஒழுங்குபடுத்திய பின்னர், தனிக்கரு எடுத்த நேரம் 110 செக்கனாகக் குறைந்தது; அந்த 51 செக்கன் வெற்றியும் அத்துடன் மறைந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பதை விட இதற்குப் பொருத்தமான விளக்கம் இல்லை.

இதன் காரணம் மருமமானதொன்றன்று. 16 கணனிகளுக்கிடையே கணுக்கள் குருட்டாம்போக்கிற் பங்கிடப்படுகின்றன எனக் கொள்வோமாயின், ஓர் இணைப்பின் இரு முனைகளும் ஒரே கணனியில் அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்றே. மிகுதி பதினைந்து பங்கு இணைப்புகளும் ஒரு கணனியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வன. அவை ஒவ்வொன்றும் செய்தியாகக் கட்டப்பட்டு, கம்பிவழி அனுப்பப்பட்டு, மறுமுனையில் அவிழ்க்கப்படல் வேண்டும். ஒரு கூட்டற் கணக்குக்கு ஆகும் நேரத்தை விட அக்கணக்கின் எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஆகும் நேரம் பன்மடங்கு அதிகம். மேலும், மனித வலையமைப்புகள் சமனாகப் பங்கிடத்தக்கன அல்ல. ருவிற்றர் வலையமைப்பில் நூற்றுக்கு ஒரு வீதமான கணுக்களே ஏறத்தாழ அரைவாசி இணைப்புகளைத் தம்மிடம் கொண்டுள்ளன என்பதைக் கிராஃப்லாப் குழுவினரே 2012இல் எடுத்துக்காட்டினர். அத்தகைய கணு சென்று சேர்ந்த கணனி திணறும்போது ஏனையவை கைகட்டிக் காத்திருக்கும். இதற்கு மாறாக, இணைப்பொன்றுக்கு 4 பைற் வீதம் வைத்தால் 147 கோடி இணைப்புகளும் 6 கிகாபைற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. சாதாரண மடிக்கணனியொன்றின் நினைவகத்துள் அடங்கத்தக்க ஒன்றைப் பதினாறாகக் கூறுபோட்டு, பின்னர் அக்கூறுகளை ஒட்டுவதற்கு நேரத்தைச் செலவிட்டமையே இங்கு நடந்தது.

இவ்விடத்தில் விரிதிறன் என்னும் சொல்லின் மாயையைக் கவனித்தல் வேண்டும். கணனிகளை இரட்டித்தால் நேரம் பாதியாகின்றது எனக் காட்டும் வரைபடம் ஆய்வரங்குகளில் மெச்சப்படுகின்றது. ஆயின் வீண்வேலை மிகுந்த சட்டகமே இவ்வரைபடத்தில் அழகாகத் தோன்றும். ஏனெனில் வீண்வேலையையும் பலரிடையே பங்கிடலாம். திறமையாக எழுதப்பட்ட நிரலில் பங்கிடுவதற்கு மிகுதியாக இருப்பது குறைவு. ஆகவே அது "விரிவடையவில்லை" எனக் குறைகூறப்படும். தானே உண்டாக்கிய சுமையைத் தானே பலர் தோளில் ஏற்றி இறக்கிவிட்டு, அதனைச் சாதனையெனக் கொண்டாடும் இவ்வளவுகோல், விஞ்ஞானத்துக்குரிய அளவுகோலன்று, விற்பனைக்குரியது.

இதனினும் முக்கியமானதொரு பெறுபேறும் அதே ஆய்வில் உண்டு. வலையமைப்பில் ஒன்றோடொன்று தொடுத்த தொகுதிகள் எவை எனக் காண்பது இரண்டாவது வேலை. இதற்கு 128 கருக்களுடன் ஜிராஃப் 200 செக்கனும் கிராஃப்லாப் 242 செக்கனும் எடுத்தன. அதே வழிமுறையைத் தனிக்கரு 153 செக்கனில் முடித்தது. பின்னர் ஆய்வாளர் வழிமுறையையே மாற்றினர். ஒவ்வொரு இணைப்பையும் ஒருமுறை மட்டும் பார்த்து, அதன் இரு முனைகளுக்குரிய தொகுதிகளை ஒன்றாக்கிச் செல்லும் பழைய முறையொன்றைக் கையாண்டனர். எடுத்த நேரம் 15 செக்கன். இயந்திரங்களைப் பெருக்கியதால் கிடைக்காத வேகம் சிந்தித்ததால் கிடைத்தது. அம்முறை பிரெகல் பாணியிலான சட்டகங்களில் எளிதிற் புகாது. ஏனெனில் அச்சட்டகங்கள் ஒவ்வொரு கணுவும் தன் அயலைப் பற்றி மட்டுமே சிந்திக்கும்படி பணிக்கின்றன. கருவி, சிந்தனைக்கு உதவுவதோடு நில்லாது, எதனைச் சிந்திக்கலாம் என்பதையும் வரையறுத்துவிடுகின்றது.

பெருங்கூடங்களுக்காக வாதாடுவோர் மூன்று நியாயங்களைக் கூறுவர். அவற்றைப் புறந்தள்ளுதல் முறையன்று.

முதலாவது, உண்மையிலேயே ஒரு கணனியில் அடங்காத வரைபுகள் உள என்பது. இது மெய்யே. 2013இல் பேஸ்புக் நிறுவனம் ஓர் இலட்சம் கோடி இணைப்புகள் கொண்ட வரைபில், ஜிராஃபைப் பயன்படுத்தி 200 கணனிகளைக் கொண்டு பேஜ்ராங் சுற்றொன்றை நான்கு நிமிடத்துக்குள் முடித்தது. அது பாராட்டத்தக்க பொறியியல் என்பதில் ஐயமில்லை. ஆயின் அத்தகைய வரைபை வைத்திருப்போர் உலகில் எத்தனை பேர்? விதிவிலக்கானவர்களின் தேவை எல்லோருக்குமான பாடத்திட்டமாக மாறுவதற்கு என்ன நியாயம்? அந்த ஜிராஃப் மென்பொருளும் 2023இல் அதனைப் பேணிவந்த அப்பாச்சி அமைப்பினால் ஓய்வுபெற்ற திட்டங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டுவிட்டது. அதனைப் பயன்படுத்த மட்டும் கற்றவனின் கல்வியும் அதனுடன் ஓய்வுபெறும். ஒயிலரைக் கற்றவனுக்கு அந்நிலை வராது.

இரண்டாவது, சட்டகத்தின் பயன் வேகமன்று, எழுதுவோர்க்கு அது தரும் இலகுவே என்பது. அவ்வாறாயின் ஆய்வுக்கட்டுரைகளின் தலைவாசலில் வேகத்தை எழுதிவைத்தது ஏன்? இலகுவே பயனெனில் இலகுவையல்லவா அளந்து காட்டியிருத்தல் வேண்டும்? மேலும், பேஜ்ராங்கைத் தனிக்கணனிக்கு எழுதும் நிரல் ஒரு பக்கத்துள் அடங்கிவிடும். பதினாறு கணனிகளை நிறுவிப் பேணுவதிலும் அது கடினமானதென எவரும் வாதிடார்.

மூன்றாவது, நாளை தரவுகள் பெருகும் என்பது. தரவுகள் பெருகும், நினைவகமும் பெருகும். 2012இலேயே கானகி மெலன் பல்கலைக்கழகத்தினர் கிராஃப்சீ என்னும் முறையினால், வன்தட்டிலிருந்து இணைப்புகளைப் பகுதி பகுதியாக வாசித்து ஒரு சிறு கணனியிலேயே பெரும் வரைபுகளைக் கணித்துக் காட்டினர். ருவிற்றர் வலையமைப்பில் மூவர் ஒருவரையொருவர் தொடர்புறும் முக்கோணங்களை எண்ணுவதற்கு, ஹடூப் சட்டகத்தில் 1636 கணனிகள் 423 நிமிடங்கள் உழைத்தன. கிராஃப்சீ அதே வேலையைத் தனியொரு சிறு கணனியில் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடித்தது.

இவையெல்லாம் பழைய கணிப்புகள், இன்று நிலவுவது வரைபு நரம்பு வலையமைப்புகளின் காலம் என்று கூறப்படலாம். ஒரு கணுவின் இயல்பை அதன் அயலிலிருந்து கற்றுக்கொள்ளும் மாதிரிகளே இவை. 2018இல் பின்ரறெஸ்ற் நிறுவனம் 300 கோடி கணுக்களும் 1800 கோடி இணைப்புகளும் கொண்ட வரைபில் இத்தகையதொரு மாதிரியைப் பயிற்றுவித்து வெளியிட்டபோது, இனி அளவே வழி என்ற எண்ணம் மேலும் வலுவுற்றது. இங்கும் அதே கதை திரும்பியது. 2018இல் மியூனிச் ஆய்வாளர் சிலர், பயிற்சிக்கும் பரீட்சைக்கும் தரவுகளைப் பிரிக்கும் விதத்தை மாற்றியதும் மாதிரிகளின் தரவரிசையே மாறிவிடுவதையும், முறையாகச் சோதித்தால் எளிய மாதிரிகள் சிக்கலானவற்றை முந்துவதையும் காட்டினர். 2020இல், கோர்னெல் பல்கலைக்கழகத்தினரை உள்ளடக்கிய ஒரு குழு, இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பெயர்ச்சீட்டுப் பரப்பல் என்னும் கருத்தை எடுத்து, அதனை எளிய மாதிரியொன்றுடன் சேர்த்தது. அறிந்த கணுவின் விடையை அயலுக்குப் பரப்பி அறியாக் கணுவின் விடையைத் திருத்துதலே அக்கருத்தின் சாரம். விற்பனைப் பொருட்களின் வலையமைப்பு ஒன்றில் அதுவரை அறியப்பட்ட மிகச் சிறந்த நரம்பு வலையமைப்பை அது வென்றது. அதற்குத் தேவைப்பட்ட பரமானங்கள் 137 மடங்கு குறைவு. பயிற்சிக்கான நேரம் நூறு மடங்குக்கு மேற் குறைவு. நுண்மையான கேள்வியொன்றைக் கேட்கும் துணிவே அங்கு மூலதனமாயிருந்தது.

பருமனை வழிபடுவோர் மறந்துவிடும் இன்னொன்றும் உண்டு. மேற்கூறிய சட்டகங்கள் தம் வலிமையைக் காட்டப் பயன்படுத்திய ருவிற்றர் வலையமைப்பு, எந்தச் சட்டகத்தின் உரிமையாளராலும் திரட்டப்பட்டதன்று. 2009இல் தென் கொரியாவின் கைஸ்ற் நிறுவனத்து ஆய்வாளர் நால்வர், ருவிற்றர் என்பது சமூக வலையமைப்பா, செய்தி ஊடகமா என்னும் வினாவுக்கு விடைதேடித் திரட்டியதே அது. சமூகவியல் வினாவொன்றுக்காக ஓர் உயர்கல்வி நிறுவனம் திரட்டிப் பொதுவில் வைத்த தரவு, ஏனையோரின் வேகப்பந்தயத்துக்கு மைதானமாயிற்று. வினா மறக்கப்பட்டது, மைதானம் எஞ்சியது. 2023இல் ருவிற்றர், தனது தரவுகளை ஆய்வாளர் இலவசமாகப் பெறும் வாயிலையும் மூடிவிட்டது. கணிக்கும் கூடமும், கணிக்கப்படும் தரவும், எதனைக் கணிப்பது என்னும் தீர்மானமும் ஒரே கையிற் சேருமாயின், பல்கலைக்கழகத்துக்கு எஞ்சுவது கைதட்டும் பணி மட்டுமே. அளவின் முன் தலைவணங்கும் மனப்பான்மை அப்பணிக்கு இன்றே ஒத்திகை பார்க்கின்றது.

கலைப்பீடத்தார் இவ்விடயத்திற் பேசுதல் தகுமா எனச் சிலர் வினவக்கூடும். ஒரு கோடு எதனைக் குறிக்கின்றது என்பது கணனி விடைகாணும் வினாவன்று என்பதே அதற்கு மறுமொழி. மானிடவியலாளரான வேன் சக்கரி அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் கராட்டிக் கழகத்தை ஆராய்ந்து 1977இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர் வரைந்த வரைபில் 34 பேரும் 78 இணைப்புகளுமே இருந்தன. பயிற்றுநருக்கும் கழக நிருவாகிக்கும் இடையே மூண்ட பிணக்கினாற் கழகம் இரண்டாகப் பிளந்தபோது யார் எப்பக்கம் செல்வர் என்பதை அவ்வரைபின் கணிப்பு ஒருவரைத் தவிர ஏனைய எல்லோர் விடயத்திலும் சரியாகக் கூறியது. அந்த ஒருவர் ஏன் பிசகினார் என்பதும் சக்கரிக்குத் தெரிந்திருந்தது. அவர் நான்காண்டு பயின்று, கறுப்புப் பட்டிக்கான தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்த நிலையில், பயிற்றுநரை விட்டுப் பிரிய இயலாதவராயிருந்தார். 1800 கோடி இணைப்புகளைக் கொண்ட வரைபில் எத்தனை ஆயிரம் பேர் அவ்வாறு பிசகியிருப்பர்? அங்கு அவர்கள் ஒரு தசம எண்ணின் பின்னே மறைந்துவிடுவர். இன்று வரைபு நரம்பு வலையமைப்புகளைக் கற்போர் முதலிற் பழகும் எடுத்துக்காட்டுக்களில் ஒன்று அதே 34 பேர் கொண்ட கழகமாகும். அவர்களுள் எத்தனை பேர் அந்தக் கறுப்புப் பட்டியைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பர்?

பெரிய இயந்திரங்கள் வேண்டாமென்பது இங்கு வாதமன்று. அவை தேவைப்படும் இடம் உண்டு. அத்தேவை நிறுவப்படல் வேண்டும் என்பதே வாதம். பல்கலைக்கழகத்தில் இத்துறை சார்ந்து முன்வைக்கப்படும் ஒவ்வோர் ஆய்வும் மூன்று வினாக்களுக்கு விடையிறுத்த பின்னரே ஏற்கப்படல் வேண்டும். இவ்வேலையைத் தனியொரு கணனி எவ்வளவு நேரத்திற் செய்யும்? இதனிலும் எளிய வழிமுறையொன்று முயலப்பட்டதா? இவ்வரைபின் இணைப்புகளை வரைந்தவர் யார், அவை எதனைக் குறிக்கின்றன? முதலிரண்டு வினாக்களுக்கும் விடைகாண விஞ்ஞானபீட மாணவனிடம் உள்ள மடிக்கணனி போதும். மூன்றாவதற்கு விடைகாண அவன் கலைப்பீடத்தின் வாயிலைத் தட்டவேண்டியிருக்கும். பெருங்கூடம் இல்லையே என ஏங்கிச் சோம்பியிருப்பதை விட்டு, இரு பீடத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து இவ்வினாக்களைக் கேட்கத் தொடங்குவராயின், இங்கு செய்யத்தக்க ஆராய்ச்சி ஏராளமாக உண்டு. அதனைச் செய்யாமைக்குக் கணனிகளின் எண்ணிக்கையை இனிமேலும் காரணங்காட்ட முடியாது.